வீடியோவில் இல்லாத ரத்தம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி சர்ஜரித் துறையிலிருந்து என்னைக் கேட்டார்கள். இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஆசீர்வாதம், இல்லாவிட்டால் பழம்பெருமை. இரண்டுக்குமே எனக்கு இப்போது தெம்பில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே கோணத்தில் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. பத்து நிமிஷம் குனிந்து எழுதினால் வலது கை மரத்துப்போகிறது. அதனால் ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன், அதையும் விட்டு விட்டுத்தான் எழுத முடிகிறது.

துளையை எங்கே போடுவது, கணையத்தை எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவது, எந்த ஸ்டேப்லர் நல்லது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அதைச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்திருப்பார்கள். அதில் உள்ள கணைய ஆபரேஷன் வீடியோக்களில் பழையவை எல்லாம் நான் செய்தவை. அவற்றைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அந்த வீடியோக்கள் எப்படி உருவாயின என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றைத் திறக்காமல் நான்கைந்து துளை வழியாகக் கணையத்தைத் தொடுவது இங்கே புதிதாக இருந்த காலம் அது. மாதத்துக்கு ஒரு கருத்தரங்கு நடக்கும். ஓட்டல் ஹாலில் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்து, ஒருவருக்கு ஒன்பது நிமிஷம் கொடுப்பார்கள். ஐந்து மணி நேர ஆபரேஷனை ஒன்பது நிமிஷமாக்கினால்தான் மேடை. எதையாவது வெட்டித்தானே ஆகவேண்டும்? நான் ரத்தத்தை வெட்டினேன்.

தியேட்டரில் திரையையும் பதிவுக் கருவியையும் பார்த்துக்கொண்டவர் மஞ்சுநாத். துமகூருப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு இருந்து இருந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். ஆபரேஷனில் எங்காவது ரத்தம் கசிந்தால் நான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், “மஞ்சு, நிறுத்து” என்பேன். பதிவு நிற்கும். கசிவை அடக்கிக் கழுவித் துடைத்து, எல்லாம் பளிச்சென்று ஆனதும், “போடு” என்பேன். ஒரு வருஷத்துக்குள் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. என் தோள் விறைப்பதைப் பார்த்து அவரே நிறுத்திவிடுவார். அப்போது அதை எங்கள் இருவரின் ஒத்திசைவு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் தெளிவாக இருந்தால்தான் பாடம் புரியும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு துளி சிவப்பைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிப்பார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து அதையே செய்தவன்தான். கைதட்டல் வேண்டியிருந்தது. கிடைத்தது.

இனி ரேவதி. ஆரணிக்காரர். வேறு ஊரில் சர்ஜரிப் படிப்பை முடித்துவிட்டு எங்களிடம் லேப்ராஸ்கோபி கற்க வந்தார். ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் செல்போனில் என் வீடியோக்கள்தான். எந்த வீடியோவில் எந்த நிமிஷத்தில் என்ன வரும் என்பது எனக்கு மறந்துபோனாலும் அவருக்கு நினைவிருக்கும். கையும் நல்ல கை. அவசரமில்லாத கை. வயிற்றுக்குள் விடும் கேமராவை எனக்காகப் பிடித்துப் பிடித்து என் அடுத்த அசைவு எனக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவர் கேமரா பிடித்த நாட்களிலும் ரத்தம் வராமல் இல்லை. வரும்போது உதவிக்கு நிற்பவர் கையில் இருக்கும் கருவியையும் நானே வாங்கிக்கொண்டு, “ஆடாம பிடி” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, கடகடவென்று அடக்கிவிடுவேன். ஒருமுறை ஆபரேஷன் முடிந்து கை கழுவும் இடத்தில் அவர் கேட்டார்.

“சார், அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன பண்ணீங்கன்னு எனக்குப் புரியல. மறுபடி ஒருதரம் சொல்றீங்களா?”

“அதெல்லாம் சொல்லி வர்றதில்லம்மா. பண்ணப் பண்ண வந்துடும்” என்றேன். எனக்கு அன்று அடுத்த கேஸ் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால், என்ன செய்தேன் என்று எனக்கே கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்வதைவிட இப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, ரேவதி தாமே முன்னால் நின்று செய்யட்டும் என்று ஒரு கேஸைக் கொடுத்தேன். நோயாளியின் பெயர் ஜெயந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்து மூன்று வயது, ஸ்ரீராம்புரம், கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. இன்னும் கெட்டதாக மாறவில்லை, விட்டுவைத்தால் மாறலாம். முதல் நாள் வார்டில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

“ஓட்ட போட்டுப் பண்றதா, வயித்த அறுக்கறதா சார்? அறுத்தா நாலு மாசம் ஒக்கார முடியாதுன்றாங்க. ஃபேக்டரில அவ்ளோ நாள் லீவு குடுக்க மாட்டான்.”

“நாலு ஓட்டைதாம்மா. மண்ணீரலக்கூடத் தொடமாட்டோம்” என்று நான் சொன்னேன். ரேவதி பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

மறுநாள் காலை. முதல் ஒன்றரை மணி நேரம் நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வீடியோவையே மறுபடி பார்ப்பதுபோல இருந்தது. மண்ணீரலிலிருந்து வரும் பெரிய சிரை கணையத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு போகும் அல்லவா, அதை ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஒரு போன் வந்தது. கருத்தரங்குக்காரர்கள், எந்த வீடியோவைப் போடுவது என்று கேட்டார்கள். வெளியே போய்ப் பேசினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுந்து போயிருக்கக் கூடாது. யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்கவில்லை, அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

மஞ்சுநாத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “சார், பேகா வாங்க, சீக்கிரம். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

உள்ளே போனதும் வழக்கம்போல என் கண் திரைக்குத்தான் போனது. படம் தெளிவாக இருந்தது. கணையம் தெரிந்தது, சிரை தெரிந்தது, இரண்டு கிளிப் தெரிந்தன. ஒரு கணம் எனக்குக் கோபம்கூட வந்தது, இதற்கா கூப்பிட்டார்கள் என்று. பிறகுதான் சக்‌ஷன் பாட்டிலைப் பார்த்தேன். அது நிரம்பி, இரண்டாவதும் பாதி ஏறியிருந்தது.

ரேவதி என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், ஓட்டை விழுந்த சிரையின் வாயிலேயே உறிஞ்சுகுழாயை வைத்து, வருகிற ரத்தத்தை வர வர உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சியதால் திரை சுத்தமாக இருந்தது. சுத்தமான திரையில் ஓட்டையைத் தேடித் தேடிக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் கிளிப் நழுவி ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தது. இரண்டாவது இன்னும் கொஞ்சம். மூன்றாவதைக் கையில் வாங்கிவிட்டார். இதைப் படிக்கும்போது உங்களுக்கு அபத்தமாகத் தோன்றும். சிரையில் ஓட்டை விழுந்தால் உறிஞ்சக் கூடாது, அழுத்த வேண்டும் என்பது மாணவனுக்கும் தெரியும். தேர்வில் கேட்டால் ரேவதி நூற்றுக்கு நூறு எழுதியிருப்பார். ஆனால் அழுத்தினால் திரையில் காஸ் துணியைத் தவிர எதுவும் தெரியாது. அப்படி ஒரு படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“சக்‌ஷன எடு. காஸ் உள்ள விடு. அழுத்து” என்றேன்.

“சார், அழுத்தினா ஓட்ட எங்க இருக்குன்னு தெரியாதே…”

“தெரிய வேணாம். அழுத்து.”

அழுத்தினார். திரையில் துணி, துணியில் சிவப்பு. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கருவிகளை வாங்கிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்துத் துணியை மெல்ல விலக்கினால் ரத்தம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. அந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்திருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. துளை வழியாகவே தையல் போடப் பார்த்தேன். ஊசி வழுக்கியது. மறுபடி அழுத்தி, மறுபடி முயன்றேன். ரேவதியின் முதல் கேஸ் திறந்த வயிற்றில் முடியக் கூடாது என்று ஒரு சால்ஜாப்பு மனசுக்குள் ஓடியது. நான் கைவைத்த கேஸ் எதையும் அந்த வருஷம் திறக்கவில்லை என்ற கணக்கும் கூடவே ஓடியது. எது முன்னால் ஓடியது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் மயக்க மருந்து டாக்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயரைப் போட்டால் என்னைத் திட்டுவார், அதனால் போடவில்லை. என்னைவிட ஐந்து வயது இளையவர். தியேட்டருக்குள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் இருக்கும் பக்கத்திலிருந்து திரை சரியாகத் தெரியாது, இருபது வருஷமாக அதைப் பற்றி அவர் புகார் சொன்னதும் இல்லை. நான் மூன்றாவது தடவை ஊசியைப் பிடித்தபோது அவர் தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றார்.

“ப்ரெஷர் அறுபது. மூணாவது யூனிட் ரத்தம் ஏறுது. நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரமா டிவி பாத்துட்டு இருக்கீங்க. நான் இந்த அம்மாவப் பாத்துட்டு இருக்கேன். தொறங்க.”

“ஒரே ஒரு தையல்…”

“டாக்டர், தொறங்க.”

திறந்தோம். கையை உள்ளே விட்டு விரலால் அமுக்கியதும் ரத்தம் நின்றது. அவ்வளவுதான் விஷயம். கிளிப்புகள் கிழித்த கிழிசல் கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையின் ஓரம்வரை ஓடியிருந்தது. தைத்தோம். மண்ணீரலைக் காப்பாற்ற முடியவில்லை. மார்புக்கூட்டுக்குக் கீழே வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு வெட்டு. நாலு ஓட்டை என்று நான் சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஜெயந்தி பிழைத்தார். ஆனால் வெட்டிய கணையத்தின் முனை கசிய ஆரம்பித்தது. வயிற்றில் குழாய், காய்ச்சல், ஊசி, மறுபடி காய்ச்சல் என்று வாரக்கணக்கில் கிடந்தார். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் அவர் கணவர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். மாநகராட்சி லாரி ஓட்டுபவர், அமைதியான மனிதர்.

“நாலு ஓட்டன்னு சொன்னீங்களே சார். இன்னா ஆச்சு?”

“இதுமாதிரி ஆகறதுக்கு வாய்ப்பு இருக்குன்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். பத்துல ஒருத்தருக்குத் தொறக்க வேண்டி வரும்” என்றேன். பத்தில் ஒருவர் என்பது எங்கிருந்து என் வாயில் வந்ததோ தெரியாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வார்டுப் பக்கம் நான் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். இரண்டு தடவை எட்டிப் பார்த்திருப்பேன், அதுவும் கட்டிலின் கால்மாட்டில் நின்று சார்ட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டு மாற்றுவது, குழாயைக் கழுவுவது எல்லாம் ரேவதி பார்த்துக்கொள்கிறார் என்று நர்ஸ் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மாதக் கடைசியில் சிக்கலான கேஸ்களை அலசும் கூட்டம் நடந்தது. இதை நீங்களும் போகப்போகப் பார்ப்பீர்கள். யார் கையில் கத்தி இருந்ததோ அவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ரேவதி எழுந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை.

“சிரை கிழிஞ்சதும் நான் அழுத்தியிருக்கணும். சக்‌ஷன் போட்டேன். அழுத்தாமலே கிளிப் போட்டேன். அது என் தப்பு.”

“ஏன் அழுத்தல?” என்று ஒருவர் கேட்டார்.

ரேவதி யோசித்தார். “படம் தெளிவா இருக்கணும்னு நெனச்சேன் சார். வேற ஒண்ணும் தோணல.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். நான் தலைமை நாற்காலியில் இருந்தேன். படம் தெளிவாக இருக்க வேண்டும் என்று இவருக்கு யார் சொன்னது என்ற கேள்வி எனக்கு எழுந்ததா, எழவில்லையா? எழுந்ததாக இப்போது நினைவிருக்கிறது. அன்றைக்கு எழவில்லை என்றுதான் நடந்துகொண்டேன். ‘ஆபரேஷன் செய்தவரின் தீர்மானத்தில் பிழை’ என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துளை வழியாகத் தைக்கப் போய் நான் வீணாக்கிய அரை மணி நேரத்தைப் பற்றி ரேவதியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டர் அன்று விடுப்பில் இருந்தார்.

அந்த வாரமே ரேவதியின் ராஜினாமாக் கடிதம் என் மேசைக்கு வந்தது. ஒரு மாத நோட்டீஸ்.

“எங்கம்மா போற?”

“ஊருக்குத்தான் சார். ஆரணியில ஒரு நர்சிங் ஹோம்ல கூப்பிடறாங்க. ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ். அது போதும் எனக்கு.”

“ஒரு கேஸுக்காகவா?”

“ஒரு கேஸு இல்ல சார். ஒரு மனுஷி.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை நிறுத்துவதற்கு என்னிடம் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. இந்த ஊரில் அந்தக் கை மறுபடி ஒரு கணையத்தைத் தொடாமல் போகப்போகிறது, அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தை மேசை டிராயரில் வைத்தேன்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் தியேட்டரில் மஞ்சுநாத் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க மஞ்சு.”

“மேடம் அந்த ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்கிட்ட வந்தாங்க. ரத்தம் வர்ற வீடியோ ஏதாச்சும் இருந்தா குடுங்க, எப்படி நிறுத்தறீங்கன்னு பாக்கணும்னு கேட்டாங்க. இல்ல மேடம்னு சொல்லிட்டேன். எப்படி சார் இருக்கும்? நீங்க நிறுத்துன்னீங்க, நான் நிறுத்தினேன். அவங்க பாவம், ரெண்டு நாள் ஹார்ட் டிஸ்க் எல்லாம் தேடினாங்க.”

“இதெல்லாம் எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க?” என்று சுள்ளென்று விழுந்தேன்.

“வேற யாருகிட்ட சார் சொல்றது?” என்றார். சுற்றிய கேபிளை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை என் அறையில் உட்கார்ந்து என் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பல வருஷமாக நான் அவற்றை முழுதாகப் பார்த்ததில்லை. அழகாக இருந்தன. ஒன்றில்கூட ஒரு துளி இல்லை. சில இடங்களில் படம் லேசாகத் துள்ளும், திசு இருந்த இடம் கொஞ்சம் மாறியிருக்கும். அங்கேதான் மஞ்சுநாத் நிறுத்தியிருக்கிறார். அந்தத் துள்ளலுக்கு நடுவே என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பெரும்பாலும் நினைவில்லை. நான் பிறரிடமிருந்து மறைத்தது போக, என்னிடமிருந்தே மறைத்துவிட்டிருந்தேன். ஆபத்தைத் தாண்டி வந்த இடங்கள் எல்லாம் என்னிடமிருந்து போய்விட்டன, கைக்குத் தெரிந்தது கையோடு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் குறிப்பேட்டைத் திருத்த வேண்டும் என்றேன். அரை மணி நேரம் திறக்காமல் இழுத்தது நான், போன் பேச வெளியே போனது நான், இந்தப் பெண் பார்த்துக் கற்ற வீடியோக்களிலிருந்து ரத்தத்தை எடுத்தது நான் என்று சொன்னேன். அறையில் சங்கடமாக ஆகிவிட்டது. “இதெல்லாம் எழுத்துல வேணாமே சார்” என்றார் ஒரு நண்பர், நல்லெண்ணத்தோடுதான். எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். ரேவதி குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்ததும் பின்னாலேயே போய் வராந்தாவில் பிடித்தேன்.

“தேங்க்ஸ் சார்” என்றார்.

“கடுதாசியக் கிழிச்சுப் போட்டுடவா?”

“வேணாம் சார். நீங்க சொன்னது நல்லதுதான். ஆனா அதனால என் கை நடுங்கறது நிக்கல.”

அவர் நோட்டீஸ் முடிய இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அந்த வாரம் ஜெயந்தியின் கசிவும் நின்றுவிட்டது. குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஸ்கேன் சொன்னது. அதற்கு முன்னால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். காலையில் ரவுண்ட்ஸ் கூட்டம் கலைந்தபிறகு தனியாகப் போனேன். இந்தத் தடவை கால்மாட்டில் நிற்காமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஜெயந்தி ஆளே பாதியாகியிருந்தார். ஆஸ்பத்திரித் தலையணை உறையைத் திருப்பிப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். சிரை கிழிந்ததை, சரியாக அடக்காமல் விட்டதை, நான் நேரத்தைக் கடத்தியதை, பத்தில் ஒருவர் என்று அவர் கணவரிடம் பூசி மெழுகியதை, எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

“இப்ப நான் பொழச்சிட்டனா சார்? இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதா?”

“பொழச்சிட்டீங்கம்மா. கட்டியும் போயிடுச்சு.”

“அப்ப செரி” என்றார். தலையணை உறையை மடித்து வைத்தார். “இதெல்லாம் எனக்குத் தெரியும் சார். அந்த மேடம் மொத நாளே வந்து சொல்லிட்டாங்களே. எனக்கு முழிப்பு வந்த ஒடனே. என் கையாலதாங்க ஆச்சு, என்ன மன்னிச்சிருங்கன்னு அழுதுகினே சொன்னாங்க. நான்தான் அழாதீங்கன்னு சொன்னேன்.”

மூன்றாம் நாள் வராந்தாவில் நான் கையெழுத்தைப் பற்றியும் பத்தில் ஒருவரைப் பற்றியும் பேசியபோதே அந்தக் கணவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கேட்டிருக்கிறார்.

“குழாய நானே எடுத்துடறேன்” என்று எழுந்தேன்.

“வேணாம் சார். அவங்க வரட்டும்.”

“நான் இதுமாதிரி நெறய எடுத்திருக்கேன்மா. வலிக்காது.”

“இருக்கும் சார். ஒங்கள எனக்குப் பழக்கம் இல்லியே. அவங்கதான் தெனம் வந்தாங்க.”

ரேவதி கீழே ரெக்கார்டு அறையில் தம் கேஸ் பேப்பர்களை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். குழாயை எடுக்க ஜெயந்தி கூப்பிடுகிறார் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. வந்தார். கை கழுவிக் கையுறை போட்டார். நான் கதவோரமாக நின்றேன். தையலை வெட்டும்போது அவர் விரல் நடுங்கியது, ஜெயந்தி அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஃபேக்டரியில் புது சூப்பர்வைசர் வந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெளியே வந்துவிட்டது.

ரேவதி துணியை வைத்துக் கட்டினார். ஜெயந்தி திரும்பினார்.

“ஊருக்குப் போறீங்களாமே மேடம்? நர்ஸம்மா சொன்னாங்க.”

ரேவதி பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மூணு மாசம் கழிச்சி செக்கப்புக்கு வரணும்னு எழுதியிருக்குது. அதுக்கப்பறம் வருசா வருசம் வரணுமாம். என்ன யாரு பாப்பாங்க?”

ரேவதி என் பக்கம் பார்க்கவே இல்லை.

“நான் பாக்கறேன்” என்றார்.